ஓஎம்-1 மீட்டர் முள் ஏன் ஏமாற்றுகிறது?

2024 ஜூன் 3 · கேள்வி

ஒலிம்பஸ் ஓஎம்-1 என்ற பழைய பிலிம் கேமரா, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோடு கைக்கு வந்திருக்கிறது. பேட்டரி அறை காலி. கடையில் எல்ஆர்44 பட்டன் பேட்டரி கொடுத்தார்கள். அளவு சின்னது என்பதால் அலுமினியத் தாளைச் சுற்றிப் போட்டேன், வெளிச்சம் அளக்கும் மீட்டரின் முள் அசைந்தது. ஆனால் முதல் ரோல் முழுக்க நெகட்டிவ் மெலிசாக, நிழல் பகுதிகளில் ஒன்றுமே இல்லாமல் வந்திருக்கிறது. மீட்டர் போய்விட்டதா? இதைச் சரிசெய்வது வீண் செலவா?

ஜூன் 3, இரவு

ஒரு ரோலை வைத்து மீட்டர் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான் விழ வேண்டும்.

இந்தக் கேமரா 1972இல் எம்-1 என்ற பெயரில் வந்தது. லைக்கா அந்தப் பெயரை ஆட்சேபித்ததால் 1973இல் ஓஎம்-1 ஆனது. அப்போது எல்லோரும் பயன்படுத்தியது பிஎக்ஸ்625 என்ற மெர்க்குரி பேட்டரி, 1.35 வோல்ட். தீர்ந்துபோகும் நாள்வரை ஏறக்குறைய அதே 1.35இல் நிற்பது அதன் குணம். அதை நம்பித்தான் மீட்டர் சர்க்யூட்டில் வோல்டேஜைச் சீராக்கும் பாகம் எதையும் வைக்கவில்லை. பேட்டரி, கண் வைக்கும் ஜன்னலின் இருபுறமும் வெளிச்சத்தை உணரும் இரண்டு காட்மியம் சல்பைடு செல்கள், சில ரெசிஸ்டர்கள், முள்ளை அசைக்கும் கால்வனோமீட்டர். அவ்வளவுதான்.

புது எல்ஆர்44 1.5 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும். வோல்டேஜ் கூடினால் மின்னோட்டம் கூடும், முள் மேலே ஏறும். வெளிச்சம் அதிகம் என்று நினைத்து நீங்கள் அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, சுருக்குவீர்கள். பிலிமுக்குப் போதிய வெளிச்சம் கிடைக்காது. மெலிந்த நெகட்டிவ் வந்த வழி இதுதான்.

இப்போதைக்கு ஒரு வழி: 100 பிலிம் போட்டிருந்தால், பிலிம் வேகத்தைக் குறிக்கும் ஏஎஸ்ஏ டயலை 50இல் வையுங்கள். பக்கத்தில் இருக்கும் பூட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டுதான் டயலைத் திருப்ப வேண்டும். பூட்டோடு மல்லுக்கட்டித் திருப்பினால் உள்ளே பல் தேயும்.

ஜூன் 4, காலை

நேற்று கடைசியாகச் சொன்ன வழியைத் திரும்பப் பெறுகிறேன். டயலை 50இல் வைப்பது ஒரு மதிய நேரத்துக்குச் சரியாக வரும், ஒரு மாதத்துக்கு வராது. இரண்டு காரணங்கள்.

ஒன்று, வோல்டேஜால் வரும் பிழை எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவு இல்லை. உச்சி வெயிலில் ஒரு அளவு, வீட்டுக்குள் வேறு அளவு. டயலோ எல்லா இடத்திலும் ஒரே அளவுதான் தள்ளும்.

இரண்டு, எல்ஆர்44 அல்கலைன். அதன் வோல்டேஜ் சரிவில் இறங்கும் வண்டி மாதிரி நாள்பட இறங்கிக்கொண்டே வரும். இன்று ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) பிழை, சில வாரம் கழித்து அரை ஸ்டாப், அப்புறம் பிழையே இல்லை, அதற்கும் பிறகு எதிர்ப்பக்கம். டயலில் செய்த ஈடு அப்போது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

முதலில் அளந்து பாருங்கள். மூன்று இடம் போதும். நல்ல வெயில் படும் புல்தரை, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம். ஏஎஸ்ஏ 125, ஷட்டர் 1/125, அபெர்ச்சர் எஃப் 16. வியூபைண்டரின் இடது கீழ் மூலையில் முள் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அடுத்து கட்டட நிழல். மூன்றாவது, இரவில் குழல்விளக்கு எரியும் அறை. பின்னிரண்டுக்கும் கைபேசி லைட் மீட்டர் செயலியோடு ஒப்பிடலாம். இரண்டும் ஒரே சுவரின் ஒரே பகுதியைப் பார்க்க வேண்டும். மூன்றிலும் எவ்வளவு ஸ்டாப் தள்ளி நிற்கிறது என்று எழுதி வையுங்கள்.

மூன்றிலும் ஒரே அளவு பிழை என்றால் அளவீட்டைத் திருத்தினால் போதும். வெயிலில் சரி, அறையில் பெரிய பிழை என்றால் செல்லோ, வயரோ, கண் வைக்கும் ஜன்னல் வழியாக நுழையும் வெளிச்சமோ காரணம். முள் விட்டு விட்டு அசைந்தால் பேட்டரி அறையின் தொடுமுனையைப் பாருங்கள்.

ஜூன் 4, மாலை

அலுமினியத் தாள் என்று எழுதியிருந்தீர்கள், அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இந்தக் கேமராவில் பேட்டரியின் பிளஸ் பக்கம் மூடியைப் பார்த்து இருக்கும், மைனஸ் பொத்தான் உள்ளே போகும். பட்டன் பேட்டரியின் பக்கச் சுவரும் பிளஸ்தான். உயரம் போதவில்லை என்று மைனஸ் பக்கத்தில் தாளை மடித்து வைத்தால், அந்த மடிப்பு மைனஸ் பொத்தானைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஓரத்தைத் தாண்டி வந்தால் பிளஸும் மைனஸும் தொட்டு ஷார்ட் ஆகும். பேட்டரி ஒரே இரவில் தீரும், சில சமயம் கசியும்.

ஜூன் 6

இனி என்ன பேட்டரி போடுவது?

மெர்க்குரி பேட்டரியைத் தேடி அலைய வேண்டாம். அமெரிக்கா 1996இலேயே மெர்க்குரிக் ஆக்சைடு பட்டன் பேட்டரி விற்பனையைச் சட்டம் போட்டு நிறுத்தியது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013இல் கையெழுத்தான மினமாட்டா ஒப்பந்தம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. பாதரசம் மீனில் ஏறி மனிதர்களின் நரம்பைச் சிதைத்த ஜப்பானிய ஊரின் பெயர் அது. பழைய இருப்பு எங்காவது கிடைத்தாலும் பாதி காய்ந்திருக்கும்.

எல்ஆர்44, எல்ஆர்9 போன்ற அல்கலைன் வேண்டாம், காரணம் மேலே. பிஎக்ஸ்625ஏ என்று அதே அளவில் கிடைப்பதும் அல்கலைன்தான். அளவு கச்சிதமாக உட்கார்ந்துவிடுவதால் பலர் ஏமாறுகிறார்கள்.

துத்தநாகக் காற்று பேட்டரி, 675 எண். காது கேட்கும் கருவி விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். 1.4 வோல்ட், தீரும்வரை ஏறக்குறைய நேர்கோடு. 1.35க்கு இவ்வளவு பக்கத்தில் வேறு எதுவும் இல்லை. வித்தியாசம் கறுப்பு-வெள்ளை பிலிமில் தெரியவே தெரியாது. விட்டம் 11.6 மி.மீ., அறையோ 16 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதனால் நடுவில் நிற்க ஒரு ரப்பர் வளையம் தேவை. குழாய்க்கடையில் கிடைக்கும் ஓ-ரிங் போதும். உயரம் 5.4, தேவை 6க்குக் கொஞ்சம் மேல். அந்த இடைவெளிக்குத்தான் மேலே சொன்ன சின்ன மடிப்பு. ஸ்டிக்கரை உரித்ததும் போட்டுவிடாமல் சில நிமிடம் காற்றில் வையுங்கள். துளைகளை மூடும்படி எதையும் ஒட்டாதீர்கள், அது காற்றை வைத்துத்தான் வேலை செய்கிறது. உரித்த நாளிலிருந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆயுள், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும்.

எம்ஆர்-9 அடாப்டர். உள்ளே வோல்டேஜைக் குறைக்கும் பாகம் இருக்கும். எஸ்ஆர்43 சில்வர் ஆக்சைடு பேட்டரி போட வேண்டும். சில்வர் ஆக்சைடு 1.55இல் அசையாமல் நிற்கும், அடாப்டர் அதை 1.35க்கு இறக்கும். விலை அதிகம், ஆனால் ஒரு முறை வாங்கினால் போதும். ஒரே எச்சரிக்கை: அதே வடிவத்தில் வெறும் உலோக வளையமாக விற்கும் மலிவான அடாப்டர்கள் அளவை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது.

மாதம் ஒரு ரோல் எடுப்பவர்களுக்கு என் சிபாரிசு 675. வருடத்துக்கு இரண்டு ரோல் என்றால் எம்ஆர்-9.

ஜூன் 7 · கேட்டவர்

675 போட்டேன். வெயிலில் முள் நடுவில் நிற்கிறது. அறைக்குள் மட்டும் இன்னும் அரை ஸ்டாப் அதிகம் காட்டுகிறது. கண்ணாடி போட்டிருக்கிறேன்.

ஜூன் 7, இரவு

மூக்குக் கண்ணாடிதான், கண்ணை ஜன்னலோடு ஒட்ட விடாமல் இடைவெளி விடுகிறது. செல்கள் கண் வைக்கும் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், பின்னாலிருந்து நுழையும் வெளிச்சமும் கணக்கில் சேரும். வெயிலில் லென்ஸ் வழியே வருவது அதிகம், இந்தச் சேர்க்கை பெரிதாகத் தெரியாது. அறையில், அதுவும் முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால், நன்றாகவே தெரியும். இடது கையைக் கண்ணுக்கு மேல் கூரைபோல வைத்துப் பாருங்கள், முள் கீழே இறங்கும். கேமரா முக்காலியில் இருந்தால் மீட்டர் பார்க்கும்போது ஜன்னலைச் சுற்றி மறைப்பது கட்டாயம்.

இன்னொன்று, காட்மியம் சல்பைடு செல்லுக்கு வெளிச்ச ஞாபகம் உண்டு. வெயிலிலிருந்து அறைக்குள் வந்த கையோடு அளந்தால் கொஞ்ச நேரம் அதிகமாகவே காட்டும். லென்ஸ் மூடியைப் போட்டுச் சற்று நேரம் விட்டு அளங்கள்.

ஜூன் 9

இன்னொருவர் கேட்டது: வியூபைண்டரின் குறுக்கே கறுப்பாக, ஓரம் கிழிந்ததுபோல ஒரு பட்டை தெரிகிறதாம். படத்தில் விழவில்லையாம்.

இதுதான் இந்தக் கேமராவின் பெரிய நோய். பேட்டரிப் பிரச்சினை எல்லாம் இதற்கு முன்னால் சில்லறை. பிம்பத்தைத் திருப்பிக் கண்ணுக்குக் காட்டும் கண்ணாடிக் கட்டியான ப்ரிஸத்தை ஒட்டி ஒரு ஃபோம் பட்டை வைத்திருக்கிறார்கள். பாலியூரித்தேன் ஃபோம் ஈரத்தில் சிதைந்து பிசின்போல ஆகும். அந்தப் பிசின் ப்ரிஸத்தின் மேல் இருக்கும் கறுப்புப் பூச்சையும், அடியில் இருக்கும் வெள்ளிப் பூச்சையும் அரிக்கும். வெள்ளி போன இடம் பிரதிபலிக்காது, அதுதான் கறுப்புப் பட்டை. ப்ரிஸம் பார்வைப் பாதையில் மட்டும் இருப்பதால் படத்தில் எதுவும் வராது.

முதலில் ஃபோகஸ் திரையின் அழுக்கா, ப்ரிஸமா என்று உறுதி செய்யுங்கள். லென்ஸைக் கழற்றுங்கள். மவுண்ட்டின் மேல் விளிம்புக்கு உள்ளே ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதை விரலால் இழுத்தால் திரைச் சட்டம் கீழே இறங்கும். திரையின் நாக்கை இடுக்கியால் பிடித்து எடுத்துவிட்டு ஜன்னல் வழியே பாருங்கள். பட்டை அப்படியே இருந்தால் ப்ரிஸம்தான். திரையைத் துணியால் துடைக்க வேண்டாம். பிளாஸ்டிக், ஒரு கீறல் போதும். காற்றுப் பம்பு மட்டும்.

பட்டை இன்னும் வராத கேமரா வைத்திருப்பவர்கள்தான் உடனே மேல்மூடியைத் திறந்து அந்த ஃபோமை எடுக்க வேண்டும். வந்தபின் ஃபோமை எடுத்தால் அரிப்பு நிற்கும், போன வெள்ளி திரும்ப வராது. ப்ரிஸத்தையே மாற்ற வேண்டும். பழுதான ஓஎம்-10 கேமராவிலிருந்து ப்ரிஸம் எடுத்துப் போடுவது மெக்கானிக்குகள் வழக்கமாகச் செய்வது.

மேல்மூடி திறப்பதில் முதல் படி ரீவைண்ட் குமிழ். பின்கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் இரட்டைப் பல்லுக்கு நடுவில் மரக்குச்சியைச் செருகி அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலே குமிழை இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். வைண்டிங் லீவரின் மேல்தட்டைக் கழற்ற இடுக்கியைப் பயன்படுத்தாதீர்கள். ரப்பர் தக்கையை அழுத்தித் திருப்பினால் போதும், கீறல் விழாது. ஒவ்வொரு பாகம் எடுக்கும்போதும் ஒரு புகைப்படம். உள்ளே மீட்டர் வயர்கள் முடிபோல மெலிசு. மூடியை நேராகத் தூக்குங்கள், சாய்த்து இழுக்காதீர்கள். வயரைச் சால்டர் செய்யத் தெரியாதவர்கள் இந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

ஜூன் 10

விட்டுப்போனது: ஜப்பானியக் கேமராவின் ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில்தரம்) வெட்டு. சாதாரண நட்சத்திரத் திருப்புளி பொருந்துவதுபோலத் தோன்றும், அழுத்தினால் வழுக்கி ஸ்க்ரூ தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் 0, 00 முனை இரண்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூன் 13

பின்கதவு ஃபோம். ப்ரிஸத்தில் கெட்டுப்போன அதே பொருள்தான் கதவைச் சுற்றியும் இருக்கிறது. தொட்டால் கையில் கரி மாதிரி ஒட்டினால் காலம் முடிந்துவிட்டது.

வெளிச்சம் எங்கே கசிகிறது என்பதை நெகட்டிவே சொல்லும். கறை, பிரேமைத் தாண்டி ஓரத் துளைகள் வரை ஓடினால் கதவின் கசிவு. பிரேமுக்குள்ளேயே கச்சிதமாக நின்றால் ஷட்டர் திரையில் ஓட்டை, அல்லது கேமராவுக்குள் பிம்பத்தை மேலே திருப்பும் கண்ணாடி இருக்கும் அறையில் கசிவு. பிம்பம் தலைகீழாக, இடவலம் மாறி விழுவதையும் கணக்கில் வையுங்கள். கீல், பின்னாலிருந்து பார்த்தால் வலப்பக்கம். கீல் வழிக் கசிவு நேராக்கிய படத்தில் இடது ஓரத்தில் தெரியும்.

சுத்தம் செய்ய: ஷட்டர் திரைமேல் படாமல் ஒரு காகிதத்தை மறைப்பாக ஒட்டுங்கள். மூங்கில் குச்சியின் முனையை உளிபோலச் சீவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொட்டுப் பிசினைச் சுரண்டுங்கள். ஆல்கஹாலை ஊற்றக் கூடாது, குச்சி நனைந்தால் போதும். உலோக முனை வேண்டாம், பள்ளத்தின் கறுப்புச் சாயம் போனால் அங்கே வெளிச்சம் பளபளக்கும். பிறகு 2 மி.மீ. ஃபோம் வெட்டி ஒட்டுங்கள். பசை முதுகைத் தண்ணீரால் லேசாக நனைத்தால் உடனே பிடிக்காது. சரியான இடத்துக்கு நகர்த்திவிட்டு உலர விடலாம்.

ஜூன் 14

நேற்று எல்லா இடத்துக்கும் 2 மி.மீ. என்கிற மாதிரி எழுதிவிட்டேன், தவறு. மேல், கீழ்ப் பள்ளங்களுக்கு 1.5 மி.மீ. போதும். அங்கே 2 வைத்தால் கதவு அழுத்தம் கேட்கும், தாழ்ப்பாள் தேயும். பள்ளங்களில் மட்டும் கறுப்புக் கம்பளி நூல் வைப்பவர்களும் உண்டு; நன்றாகவே வேலை செய்யும், பஞ்சு உதிராத நூலாகப் பாருங்கள். கீல் பக்கத்துக்கு 2 மி.மீ. ஃபோம், அகலமாக.

கண்ணாடி மேலே போய் மோதும் இடத்தின் ஃபோம் 2 முதல் 2.5 மி.மீ. இதில் கஞ்சத்தனமும் கூடாது, தாராளமும் கூடாது. மெலிசாக இருந்தால் மோதல் சத்தம் கூடும், ஃபோகஸ் திரை அதிரும். தடிமனாக இருந்தால் கண்ணாடி முழுதாக மேலே போகாது, படத்தின் ஒரு ஓரம் கருக்கும். ஒட்டி உலர்ந்ததும் பிலிம் இல்லாமல், எல்லா வேகத்திலும் சேர்த்து இருபது முறையாவது அடித்துப் பாருங்கள்.

ஜூன் 20

மீட்டர் சரி, பேட்டரி சரி, படம் மட்டும் தப்பு என்றால் ஷட்டர்.

லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, வெளிச்சமான வெள்ளைப் பரப்பைப் பார்த்தபடி 1/1000இல் அடியுங்கள். பிரேம் முழுவதும் ஒரே பிரகாசமாக மின்ன வேண்டும். ஒரு பக்கம் இருண்டால், ஷட்டரின் இரண்டு துணித் திரைகளில் பின்னால் ஓடும் இரண்டாவது திரை முதல் திரையை எட்டிப் பிடிக்கிறது என்று பொருள். ஸ்பிரிங் இறுக்கத்தைக் கூட்டினால் தீரும் என்று தோன்றும். காரணம் பெரும்பாலும் காய்ந்த எண்ணெய். சுத்தம் செய்யாமல் இறுக்குவது தேய்மானத்தைத்தான் கூட்டும்.

மெதுவான வேகங்களைக் கைபேசியின் 240 பிரேம் வீடியோவில் அளக்கலாம். 1/30 என்றால் 8 பிரேம், 1/8 என்றால் 30 பிரேம் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். 1/125க்கு மேல் இந்த முறை உதவாது. 1 நொடி ஒன்றரை நொடியாக இழுத்தால் மெதுவேகப் பல்சக்கரத்தில் எண்ணெய் இறுகியிருக்கிறது. முப்பது முறை அடித்தால் கொஞ்சம் இளகும், ஒரு வாரத்தில் மறுபடி இறுகும். துருநீக்கி ஸ்பிரே அடிக்கவே கூடாது; அது திரைத்துணிக்கும் பரவி ரப்பரைக் கெடுக்கும்.

கண்ணாடியை மேலே பூட்டி வைத்துச் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். லென்ஸ் பூதக்கண்ணாடியாகி, துணியில் ஊசித்துளை போட்டுவிடும்.

ஜூன் 21

ஃபிளாஷ் போட்டால் படம் பாதியோ முழுதோ கறுப்பாக வருகிறது என்றவருக்கு: ஒயர் சொருகும் துளையைச் சுற்றி எஃப்பி, எக்ஸ் என்று ஒரு திருப்பி இருக்கிறது. எஃப்பி பழைய ஃபிளாஷ் பல்புக்கு, எக்ஸ் இன்றைய எலக்ட்ரானிக் ஃபிளாஷுக்கு. எக்ஸில் வையுங்கள். வேகம் 1/60 அல்லது அதற்குக் கீழ். இந்தக் கேமராவில் வேகவளையம் லென்ஸ் மவுண்ட்டைச் சுற்றி இருக்கிறது, அபெர்ச்சர் வளையம் லென்ஸின் முன்பக்கம். பழகும்வரை கை ஒன்றுக்குப் பதில் மற்றதைத் திருப்பும்.

ஜூலை 2

கடலோர ஊர்களில் கேமராவைத் தோல் உறையில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அது விருந்து. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் லென்ஸுக்குள் வலை பின்னும். காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. 40 முதல் 50 போதும். 30க்குக் கீழே இறக்கினால் பழைய கிரீஸ் காயும். ஜெல் நிறம் மாறினால் 110 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சூடாக்கி மறுபடி போடலாம்.

ஜூலை 5

டயோடு பற்றிக் கேட்டிருந்தார்கள். அடித்தட்டைத் திறந்து, பேட்டரியின் மைனஸ் வயரில் ஒரு ஷாட்கி டயோடைத் தொடராகச் சேர்த்தால் சில்வர் ஆக்சைடு பேட்டரியை நேராகப் போடலாம். கோடு போட்ட முனை பேட்டரிப் பக்கம். டயோடு எவ்வளவு வோல்டேஜ் குறைக்கும் என்பது அதில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. இந்த மீட்டரில் அது மிகச் சொற்பம், ஆகவே பட்டியலில் அச்சிட்ட அளவை நம்பாமல் போட்டபின் அந்த மூன்று இடங்களிலும் அளந்து பாருங்கள். வயர் பச்சை பூத்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அறையில் வெள்ளைப் பொடி இருந்தால் அல்கலைன் கசிவு. வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹால்.

ஜூலை 11 · கேட்டவர்

இரண்டாவது ரோல் வந்தது. நிழலில் விவரம் இருக்கிறது, வெயிலிலும் சரி. மேலே இருக்கும் மீட்டர் ஸ்விட்சை அணைக்க மறந்து பத்து நாள் பைக்குள் கிடந்தது. பேட்டரி போயிருக்குமா?

ஜூலை 11

லென்ஸ் மூடி போட்டிருந்தால் பெரிதாகப் போயிருக்காது. இருட்டில் செல்லின் ரெசிஸ்டன்ஸ் மிக அதிகம், மின்னோட்டம் சொற்பமாகத்தான் ஓடும். மூடி இல்லாமல் மேசைமேல் கிடந்திருந்தால்தான் கவலை. அந்தப் புல்தரையிலேயே ஒருமுறை அளந்து பாருங்கள். முள் பழைய இடத்தில் நின்றால் அதே பேட்டரியில் மூன்றாவது ரோலைப் போடலாம். ரீவைண்ட் செய்யத் திருப்பிய ஆர் திருகு பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். இரண்டு முறை வைண்ட் செய்யும்போது ரீவைண்ட் குமிழ் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் பிலிம் நகரவில்லை.